கடைமடையில் உட்கார்ந்து ஆதி கேலக்ஸிகளைத் தேட எந்த வழி?

மார்கழி விடுமுறைக்கு வந்த அக்கா மகள், பையை இறக்கி வைத்த கையோடு ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். கும்பகோணத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறாள். கடைசி செமஸ்டரில் ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். ஜனவரி முதல் வாரத்துக்குள் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். "மறு அயனியாக்கம்தான் பண்ணப் போறேன் மாமா. எந்தப் பக்கமா உள்ள போறதுன்னுதான் பிடிபடலை" என்றாள்.

நோட்டில் நான்கு வழிகளை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். அவளிடம் இருப்பது எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு லேப்டாப், கைப்பேசி ஹாட்ஸ்பாட், கையில் ஐந்து மாதம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அடைமழை நாளில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த விஷயத்தைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். நான்கு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதை, இதே யோசனையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 ஆண்டுகளில் பிரபஞ்சம் 3,000 கெல்வின் அளவுக்கு ஆறியது. தனித்தனியாக அலைந்த எலெக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஆயின. 1920-இல் மேகநாத் சாஹா எழுதிய அயனியாக்கச் சமன்பாட்டை நாம் நட்சத்திரங்களின் வெப்பநிலைக்காகப் படித்திருப்போம். அதே சமன்பாடு இங்கேயும் பயன்படுகிறது. அதன்பின் நீண்ட இருட்டு. முதல் நட்சத்திரங்களும் கேலக்ஸிகளும் பிறந்த பிறகு, அவற்றின் புற ஊதா ஒளி அந்த அணுக்களை மறுபடி எலெக்ட்ரானும் புரோட்டானுமாக உடைக்க ஆரம்பித்தது. இதுதான் மறு அயனியாக்கம். ஒரு ஹைட்ரஜன் அணுவை உடைக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும், அதாவது 91.2 நானோமீட்டரோ அதைவிடக் குறைந்த அலைநீளமோ உள்ள ஒளி. பிரபஞ்சம் விரிவதால் தூரத்து ஒளியின் அலைநீளம் நீண்டுபோகிறது; அந்த நீட்சியின் அளவுதான் செம்பெயர்ச்சி. எண் கூடக் கூட, தூரமும் அதிகம், காலமும் பழையது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின்படி இந்த வேலையின் நடுக்கட்டம் செம்பெயர்ச்சி 7.7 வாக்கில், பெருவெடிப்பிலிருந்து ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகள் கழித்து. சுமார் 100 கோடி ஆண்டுகளில் அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது.

காய்ந்து கிடக்கும் வயலில் முதல் தண்ணீர் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மடை வாயைச் சுற்றி முதலில் ஓர் ஈரத் திட்டு. பள்ளமான மூலையில் இன்னொன்று. கொஞ்ச நேரம் தனித்தனியாக விரியும். ஒன்றையொன்று தொட்ட பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயல் நிறைந்துவிடும். ஒவ்வொரு கேலக்ஸிக் கூட்டத்தைச் சுற்றியும் அப்படி ஒரு அயனித் திட்டு பரவித்தான் பிரபஞ்சம் முழுவதும் தெளிந்தது.

இதைச் செய்தது யார் என்பதற்கு மூன்று எண்கள் வேண்டும். எத்தனை கேலக்ஸிகள் இருந்தன? ஒவ்வொன்றும் எவ்வளவு அயனியாக்கும் ஒளியை உண்டாக்கியது? அதில் எவ்வளவு பங்கு அந்தக் கேலக்ஸியின் சொந்த வாயுவைத் தாண்டி வெளியே வந்தது? மூன்றையும் பெருக்கினால்தான் விடை. ஆற்றில் எத்தனை கன அடி வருகிறது, எத்தனை வாய்க்கால் பிரிகிறது என்று தெரிந்தும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் கடைமடைக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல முடியுமா? மூன்றாவது எண், அந்த விடுபடும் பங்குதான் மதகு. இதை நோட்டின் மேலே பெரிதாக எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வழியையும் இந்த மூன்று எண்களில் எதை அது தருகிறது என்று கேட்டே எடை போட்டோம்.

அவள் முதலில் எழுதியிருந்தது, எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் 'மறைந்துபோகும்' கேலக்ஸிகளைத் தேடுவது. 1990-களில் சார்லஸ் ஸ்டைடலும் கூட்டாளிகளும் தரைத் தொலைநோக்கிகளில் வளர்த்தெடுத்த முறை இது. வெகு தூரத்தில் உள்ள கேலக்ஸியின் 121.6 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை இடையில் இருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. செம்பெயர்ச்சி 8 என்றால் அந்த வெட்டு ஒன்பது மடங்கு நீண்டு 1.09 மைக்ரோமீட்டரில் வந்து நிற்கும். ஆகவே 0.9 மைக்ரோமீட்டர் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியில் எதுவும் இருக்காது, 1.5-இல் பளிச்சென்று தெரியும். ஒரு படத்தில் இருந்து, அடுத்த படத்தில் காணாமல் போவதை வைத்தே தூரத்தைக் கணிக்கலாம்.

இதன் பலம் பெரிது. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட வெப், 6.5 மீட்டர் கண்ணாடியோடு அகச்சிவப்பில் பார்க்கிறது. ஜேட்ஸ் என்ற வெப் ஆய்வில் கிடைத்த ஒரு கேலக்ஸி செம்பெயர்ச்சி 14-ஐத் தாண்டியது. பெருவெடிப்பிலிருந்து 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து ஒளி அது. இந்த ஆய்வின் படங்களும் அட்டவணைகளும் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. ஒரு பைசா செலவில்லை. படங்கள் ஒரு வடிகட்டிக்கே பல ஜிபி வரும். ஆனால் படத்தைத் தொடாமல் அட்டவணையை மட்டும் இறக்கி பைத்தானில் வேலை செய்ய எட்டு ஜிபி லேப்டாப் போதும். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் ஊரிலும் நெட் நன்றாகவே கிடைக்கும்.

பலவீனமும் பெரிது. சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் கதையை அவளுக்குச் சொன்னேன். 2022-இல் படங்களை வைத்து அதன் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று கணித்தார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தபோது வந்த எண் 4.9. தூசி நிறைந்த, அருகில் உள்ள ஒரு கேலக்ஸியின் வலுவான உமிழ்கோடுகள் சில வடிகட்டிகளில் சரியாக வந்து விழுந்து, தொலைதூரக் கேலக்ஸியைப் போலவே காட்டிவிட்டன. உலகின் தேர்ந்த குழுக்களுக்கே இப்படி நடக்கும் இடத்தில், நிறமாலை கையில் இல்லாமல் ஒரு மாணவி 'நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதுவது சரியில்லை. அதோடு இந்த வழி மூன்று எண்களில் முதலாவதை மட்டுமே நன்றாகத் தருகிறது. இரண்டாவதை ஓரளவு ஊகிக்கலாம். மதகைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

இரண்டாவது வழி ஈர்ப்பு வில்லை. ஒரு பெரிய கேலக்ஸித் திரளின் எடை, அதற்குப் பின்னால் இருப்பவற்றின் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும். இதன் மூலம் வந்த ஒரு முடிவுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. 2024-இல் வெளியான ஆய்வு அது. ஏபெல் 2744 என்ற திரளுக்குப் பின்னால் மிக மிக மங்கிய எட்டு கேலக்ஸிகளை ஹகீம் அடெக் குழுவினர் வெப்பின் நிறமாலைமானியால் பார்த்தார்கள். பொடிப் பொடியான அந்தக் கேலக்ஸிகள், அதுவரை எல்லாரும் வைத்திருந்த மதிப்பைப் போல நான்கு மடங்கு அயனியாக்கும் ஒளியை உண்டாக்கிக்கொண்டிருந்தன. அப்படியானால் 5 சதவீதம் வெளியே கசிந்தாலே பிரபஞ்சத்தைத் தெளிய வைக்கப் போதும் என்று கணக்கிட்டார்கள். டெல்டாவின் பரப்பைப் பாசனம் செய்வது காவிரியின் அகலம் மட்டும் இல்லையே. பெயர்கூட இல்லாத கன்னி வாய்க்கால்கள்தானே கடைசி வயல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த எட்டையும் படித்தபோது எனக்கு வாய்க்கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் மாணவத் திட்டமாக இதை நான் பரிந்துரைக்கவில்லை. வில்லையின் வடிவத்தைக் கணிக்கும் மாதிரி சரியாக இருந்தால்தான் உருப்பெருக்கம் சரியாக வரும். அதைச் செய்வதே தனிக் கலை. அடுத்தவர் செய்த மாதிரியை நம்பித்தான் போக வேண்டும். பார்க்கும் பரப்பும் சின்னது, கிடைக்கும் கேலக்ஸிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

மூன்றாவது, லைமன் ஆல்ஃபா கோட்டை, அதாவது ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் உமிழும் ஒளியை, நேரடியாகப் பிடிப்பது. ஹவாயில் உள்ள 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கியில் குறுகிய பட்டை வடிகட்டிகளைப் போட்டு இதைச் செய்கிறார்கள். 921 நானோமீட்டர் வடிகட்டி போட்டால் செம்பெயர்ச்சி 6.6-இல் இருப்பவை மாட்டும். அழகான முறை. இன்னும் அயனியாகாத ஹைட்ரஜன் இந்தக் கோட்டைச் சிதறடித்துவிடும் என்பதால், கோடு மங்குவதை வைத்தே எந்தக் காலத்தில் எவ்வளவு தெளிந்திருந்தது என்று அளக்கலாம். 2025-இல் செம்பெயர்ச்சி 13-இல் ஒரு கேலக்ஸியிடம் இந்தக் கோடு தெரிந்தது பெரிய ஆச்சரியம். அவ்வளவு முந்திய காலத்தில் அது வெளியே வந்திருக்கவே கூடாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் செம்பெயர்ச்சி 0.84-இல் உள்ள கேலக்ஸியின் ஆக்ஸிஜன் கோடும், 0.4-இல் உள்ளதன் ஹைட்ரஜன் கோடும் அதே 921 வடிகட்டியில் வந்து விழும். அவற்றைப் பிரிக்க அகலமான பல நிறப் படங்கள் வேண்டும், எங்கள் ஹாட்ஸ்பாட் தாங்காது. விட்டுவிட்டோம்.

நான்காவது, கேலக்ஸிகளை விட்டுவிட்டு ஹைட்ரஜனையே 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் கேட்பது. 1,420 மெகாஹெர்ட்ஸில் கிளம்பிய அலை செம்பெயர்ச்சி 8-இலிருந்து வரும்போது 158 மெகாஹெர்ட்ஸ். செம்பெயர்ச்சி 13, 14 என்றால் நம் எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குள்ளேயே வந்துவிடும்! அதனால்தான் ஊரை விட்டுத் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தங்கள் சாரஸ் கருவியை 2020-இல் கர்நாடகத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்க விட்டு அளந்தார்கள். கீழே ஒரே சீரான தண்ணீர் இருந்தால் தரையால் வரும் குழப்பம் குறையும் என்பதே காரணம். ஆதி ஹைட்ரஜனிடமிருந்து வந்தது என்று 2018-இல் அமெரிக்கக் குழு ஒன்று அறிவித்த சமிக்ஞையை அந்த அளவீடு 95.3 சதவீத உறுதியோடு மறுத்தது. இதை அவள் அப்பாவிடம் சொன்னபோது, "தண்ணிதான் வேணும்னா முத்துப்பேட்டைக் காயல் இருக்கே" என்றார். உப்புத் தண்ணீரின் கணக்கு வேறு; இருந்தாலும் அவர் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு ஆள் செய்கிற வேலை இது கிடையாது.

அத்தான் இன்னொன்றும் கேட்டார். "டெலஸ்கோப் எதுவும் வாங்கணுமா மாப்ள? சம்பா அறுவடை முடியட்டும், பார்த்துக்கலாம்." வேண்டாம் என்றேன். நாம் தேடும் ஒளி இங்கே கண்ணுக்கோ சின்னத் தொலைநோக்கிக்கோ எட்டாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மேகம் வேறு. ஆனால் அவர் கேட்டதும் எனக்கு கஜா புயல் ஞாபகம் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்தது. அதன்பின் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தது. மூன்றாவது வாரத்தில், அமாவாசைக்கு முந்தைய ஓர் இரவில் வானம் திறந்தது. அத்தனை நட்சத்திரங்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பது, வெறும் கண்ணுக்கு ஒரு பஞ்சுத் துணுக்கு போலத் தெரிந்தது. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. விரலை நீட்டிக் காட்டினேன். "அதுக்கு அந்தப் பக்கம் என்ன மாமா இருக்கு?" என்றாள்.

சரி, அந்தப் பக்கத்துக்கு வருவோம். அவள் நோட்டில் இல்லாத ஐந்தாவது வழி ஒன்று உண்டு. என் ஓட்டு அதற்குத்தான்.

மறு அயனியாக்கக் காலத்துக் கேலக்ஸியிலிருந்து வெளியேறிய அந்த 91.2 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை நம்மால் நேரில் பார்க்கவே முடியாது. இடையில் உள்ள ஹைட்ரஜன் முழுவதையும் விழுங்கிவிடும். எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் இதற்கு வழி இல்லை. ஆகவே மதகை அளக்க, அந்தக் காலத்துக் கேலக்ஸிகளைப் போலவே இருக்கிற, ஆனால் நமக்குக் கிட்டத்தில் உள்ள கேலக்ஸிகளைப் பார்க்க வேண்டும். அப்படிச் சில உண்டு. 2007-இல் கேலக்ஸி ஸூ திட்டத்தில் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த பொதுமக்கள் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகளைக் கவனித்தார்கள். ஆராய்ச்சியாளர்களோ ஆசிரியர்களோ மட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற திட்டம் அது. 'பச்சைப் பட்டாணி' என்று பெயர் விழுந்தது. ஆக்ஸிஜனின் 500.7 நானோமீட்டர் கோடு மிக வலுவாக இருப்பதால் அந்தப் படங்களில் பச்சையாகத் தெரிகின்றன. குட்டியானவை, வேகமாக நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருப்பவை, ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைவானவை. ஆதி கேலக்ஸிகளின் சாயல் அப்படியே இருக்கிறது.

யூரி இசோடோவ் குழுவினர் ஹப்பிளால் பார்த்தபோது, ஜே0925+1403 என்ற பட்டாணியிலிருந்து 8 சதவீத அயனியாக்கும் ஒளி வெளியேறுவது தெரிந்தது. அது 2016-இல். 2018-இல் இன்னொன்றில் 72 சதவீதம்! அப்புறம் 2022-இல் வெளியான பெரிய ஹப்பிள் ஆய்வு ஒன்று, செம்பெயர்ச்சி 0.2 முதல் 0.4 வரையுள்ள 66 கேலக்ஸிகளை வரிசையாகப் பார்த்தது. 35-இல் கசிவு தெரிந்தது, மீதியில் தெரியவில்லை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு மாணவிக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்? கசிவதும் இருக்கிறது, கசியாததும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம்.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் குறுக்களவு 40 சென்டிமீட்டர்கூட இல்லை. அதை வைத்து 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் ஒரே வானப் பகுதியைப் பார்த்து, புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு, செம்பெயர்ச்சி 1.42-இல் உள்ள ஒரு கேலக்ஸியிலிருந்து அயனியாக்கும் ஒளியைப் பிடித்தது. முடிவு 2020-இல் வெளியானது. விடுபடும் பங்கு 20 சதவீதத்துக்கு மேல். 2.4 மீட்டர் ஹப்பிள் அதே இடத்தைப் பார்த்தும் பிடிக்காததை இது பிடித்ததற்குக் காரணம், ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் இதன் உணரியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. கண்ணாடி சின்னதாக இருந்தாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டால் பலன் உண்டு என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

இந்த வழிக்கும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டாம். கிட்டத்துக் கேலக்ஸி, ஆதி கேலக்ஸியின் ஒன்றுவிட்ட உறவு மாதிரிதான்; அச்சு அசல் அது கிடையாது. இன்னொன்று, கசிவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வரப்பில் நண்டு வளை இருந்தால் அந்த ஓரிடத்தில்தான் தண்ணீர் ஓடும். நாம் வேறு பக்கம் நின்றால் வரப்பு கெட்டியாக இருப்பதாகத்தான் நினைப்போம். அந்த 66-இல் கசிவு தெரியாதவற்றில் சில, நமக்கு எதிர்ப்பக்கம் கசிந்துகொண்டிருக்கலாம். அதனால் இருமுறை அயனியான ஆக்ஸிஜனின் கோட்டுக்கும் ஒருமுறை அயனியான ஆக்ஸிஜனின் கோட்டுக்கும் உள்ள விகிதம் அதிகமாக இருந்தால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாமே தவிர, கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. புற ஊதாவில் கேலக்ஸி எவ்வளவு நீலமாக இருக்கிறது என்பது இன்னொரு நல்ல அடையாளம்.

என் யோசனை இதுதான்: கிட்டத்தில் கற்றுக்கொள், தூரத்தில் பயன்படுத்து. 66 கேலக்ஸிகளின் அட்டவணையை எடுத்து, ஆக்ஸிஜன் விகிதமும் நீல நிறமும் கசிவோடு எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று ஒரு உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை ஜேட்ஸ் கேலக்ஸிகளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். செம்பெயர்ச்சி 8-இல் அந்த ஆக்ஸிஜன் கோடுகள் 3.4, 4.5 மைக்ரோமீட்டர் வாக்கில் வரும். வெப்பின் நிறமாலைமானி இரண்டையும் பார்க்கும். 9.5-க்கு மேல் போனால் இரண்டாவது கோடு அதன் எல்லையைத் தாண்டிவிடும், அங்கே நிறத்தை மட்டும்தான் நம்ப வேண்டும். ஒரு நிறமாலைக் கோப்பு ஒரு எம்பி வருவதே அதிகம். மின்சாரம் போனாலும் பேட்டரியில் வேலை ஓடும்.

விடையும் உயிருள்ள கேள்விக்குப் போகிறது. சின்னக் கேலக்ஸிகள் இவ்வளவு ஒளியை உண்டாக்கி, அதில் தாராளமாகக் கசியவும் விட்டால், மறு அயனியாக்கம் பிளாங்க் சொல்லும் காலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டுமே என்று 2024-இலிருந்து விவாதம் நடக்கிறது. ஒரு காலத்தில் ஒளி போதவில்லை என்று தேடினார்கள். இப்போது அதிகமாகிவிட்டதே என்று கேட்கிறார்கள். எல்லாம் அந்த மதகில் வந்துதான் நிற்கிறது.

நல்ல கணினி ஆய்வகமும், படங்களைக் கையாண்டு பழகிய வழிகாட்டியும் இருக்கிற மாணவருக்கு முதல் வழியையே சொல்வேன். கையில் படம் வைத்துத் தேடும் அனுபவம் வேறு எதிலும் வராது. புனேவுக்குப் போய்ச் சில வாரம் தங்கக்கூடியவர்கள் ஆஸ்ட்ரோசாட் தரவைக் கேட்டுப் பார்க்கலாம்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மறைந்துபோகும் கேலக்ஸிகளை விட அவளுக்கு மனம் வரவில்லை, அது எனக்கும் புரிந்தது. கடைசியில் முதல் பதினைந்து நாள் அட்டவணையில் அவற்றைத் தேடிப் பழகுவது, அதன் பிறகு கசிவு என்று பிரித்துக்கொண்டாள். ஜனவரியில் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் ஒத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: நிறமாலையால் தூரம் உறுதியான கேலக்ஸிகளை மட்டும் எடுக்க வேண்டும், படத்தை வைத்துக் கணித்தவை வேண்டாம். பொங்கலுக்கு வந்தவள் 66 புள்ளிகள் போட்ட முதல் வரைபடத்தைக் காட்டினாள். கசிபவை சிவப்பு, கசியாதவை கறுப்பு. மேல் வலது மூலையில் சிவப்புகளுக்கு நடுவே சில கறுப்புகள் நின்றன. "இதெல்லாம் நண்டு வளை அந்தப் பக்கம் இருக்கிறது மாமா" என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.